தூணோரத்து வண்டி

கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைச் சுரண்டுவதில்தான் சின்னவளின் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. கார் கழுவுவதற்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் இன்ஜின், பிறகு கூரையிலிருந்து கீழே, எல்லாம் முடிந்தபின் உட்புறம். அதைப் படுக்கையில் கிடந்தபடியே மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் அந்தக் காகிதம் கண்ணெதிரே ஒட்டிக்கொண்டிருக்கும்வரை வேறு எதிலும் கை ஓடாது போலிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் போர்த்தி, ஊறட்டும் என்று காத்திருந்தாள்.

'இயங்காத, அசுத்தமான, எலிகள் குடியிருக்கும் இவ்வாகனம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பிறகு இவ்விடத்தில் இருக்க அனுமதி இல்லை.' குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் தாமே தட்டச்சு செய்து ஒட்டியது. எலிகள் என்ற சொல் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. சங்கத்துக்குச் சந்தா கட்டாமல் குடியிருக்கின்றனவே என்ற ஆத்திரம் போலும்.

கார் அம்மாவுடையது. வாங்கியபோது வெளிர்பச்சை. இப்போது என்ன நிறம் என்று கேட்டால் தரைத்தளத்துத் தூசியின் நிறம் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா தையல்கடை வைத்திருக்கிறாள். பள்ளிச் சீருடைகளை மூட்டை மூட்டையாக டிக்கியில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் அந்தக் காரில் சுற்றியவள். கண்ணில் புரை விழுந்திருந்த காலத்தில் ஒருநாள் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டாள். இடித்தது தூணைத்தான், மனிதரை அல்ல. பின்பக்கம் ஒரு நெளிசல், தூணில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் அண்ணனுக்கு அது போதுமாயிருந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க விபத்துகளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறவன் அவன். அன்று சாயங்காலமே சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

அதன்பிறகு அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்து, பார்வை தெளிந்து, ஓட்டுநர் உரிமத்தையும் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். சாவி மட்டும் திரும்பி வரவில்லை. இப்போதெல்லாம் கடைக்குப் போக வேண்டுமென்றால் அம்மா சீருடை மூட்டையோடு வாசற்கேட்டருகே நிற்பாள். அண்ணன் குளித்து, போன் பேசி, சட்டையை மாற்றி, மறுபடி போன் பேசி, இறங்கி வரும்வரை நிற்பாள். அந்த நிற்பைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது வீட்டின் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அம்மா ஏதோ விலாசம் தேடி வந்தவள் மாதிரி தெரிவாள்.

காகிதம் ஊறி, ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்தது. அவள் அதை உருட்டிக் குப்பை வாளியில் போட்ட சமயம் பார்த்துச் செயலாளர் பால் பாக்கெட்டோடு படியிறங்கி வந்தார்.

"என்னம்மா, இங்க வண்டி கழுவக் கூடாதுன்னு சங்கத்துல ரூல் இருக்கே."

சின்னவள் கையிலிருந்த துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, தட்டில் அடுக்கிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. மருத்துவர் நிமிர்ந்து பார்த்தாலே எதையோ விட்டுவிட்டோமோ என்று தட்டை மறுபடி எண்ணுகிறவள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருக்கோடி வரை போய்விட்டு, பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற குணம். அதனால்தான் வீட்டில் அவளுக்குச் செக்கிங் என்று பெயர். ஆனால் அதே குணத்தால்தான் சங்கத்து விதிகளையும் ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துவைத்திருந்தாள்.

"ஹோஸ் போட்டுக் கழுவக் கூடாதுன்னுதான் சார் இருக்கு. நான் வாளியில கழுவறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"அசுத்தமா இருக்கக் கூடாதுன்னு நீங்க ஒட்டறீங்க. கழுவவும் கூடாதுன்னு சொல்றீங்க. ரெண்டுல எதை மீறட்டும்னு சொல்லுங்க, அதை மீறறேன்."

சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. முதல்மாடிப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்கா களுக்கென்று சிரித்தாள். செயலாளர் பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கழுவுங்க, கழுவுங்க. கழுவினா மட்டும் ஓடிடுமா? அஞ்சு மணிக்கு அது தானா நகரணும். இல்லேன்னா இந்த இடத்த வேற வீட்டுக்குக் கொடுத்தாச்சு."

வேற வீடு எதுவென்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய மருமகன் இரண்டாவது கார் வாங்கியிருந்தான்.

செயலாளருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் அண்ணியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில், அம்மாவும் பெண்ணும் சேர்ந்து புது பேட்டரி மாட்டி, புது பெட்ரோல் ஊற்றி, சக்கரங்களுக்குக் காற்றடித்துவிட்டார்கள். சாவிக்கு என்ன செய்வது என்று சின்னவள் விழித்தபோது, அம்மா உள்ளே போய்ச் சர்க்கரை டின்னைத் திறந்தாள். அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. அதற்குள் இன்னொரு உறை. அதற்குள் நூல் சுற்றிய மூன்றாவது உறை. அதற்குள் மாற்றுச் சாவி.

அம்மாவுக்கு எதையும் உறை போட்டுத்தான் வைக்கத் தெரியும். டிவி ரிமோட்டுக்கு உறை, அதன்மேல் ரப்பர் பேண்டு. வீட்டு நாற்காலிகளில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் இன்னும் அப்படியே இருக்கிறது. விருந்தாளிகள் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். "திறந்து வெச்சா தூசி படியும்" என்பாள். "மூடியே வெச்சா எப்பதான் அனுபவிக்கறது?" என்று அண்ணி கேட்டதற்கு, "அனுபவிக்கத்தான் மூடி வெச்சிருக்கேன்" என்று பதில் வந்தது. அந்த வாதத்தில் இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

சாவியைப் போட்டதும் கார் இருமியது, குலுங்கியது, புகை விட்டது, பிறகு ஓடத் தொடங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அதற்குமேல் ஓட்டத் துணியவில்லை. இப்படி எலிப்புழுக்கையும் குப்பையுமாக வெளியே எடுத்தால் பார்க்கிறவர்கள் காரைப் பார்த்தும் சிரிப்பார்கள், ஓட்டுகிறவளைப் பார்த்தும் சிரிப்பார்கள் என்றாள். "பளிச்சுன்னு ஆக்கு. நானே எடுக்கறேன்." அது வாக்கு. அந்த வாக்குக்காகத்தான் சின்னவள் இப்போது பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள்.

உள்ளே ஒரு குடித்தனமே நடந்திருந்தது. சருகுகள், காய்ந்த தோல்கள், இன்ஜினுக்குப் பின்னால், போன வாரம் கண்ணில் படாத இடுக்கில், பந்து போல ஒரு கூடு. சின்னவள் கையுறை மாட்டி அதை வெளியே எடுத்துப் பிரித்தாள். நீலத்திலும் சாம்பல் நிறத்திலும் துணி வெட்டுகள்.

"அம்மா, இது நம்ம கடைத் துணி."

அம்மா குனிந்து பார்த்தாள். "போன வருஷத்து யூனிஃபார்ம். மூட்டைல எப்பவும் கொஞ்சம் குறையுதேன்னு தையக்காரியைத் திட்டிக்கிட்டிருந்தேன்." கொஞ்ச நேரம் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. பிசிறே இல்ல."

குடிவந்தவர்கள் என்றோ காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்லவேளையாகக் கம்பிகளைக் கடித்திருக்கவில்லை. சின்னவள் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவிப் பார்த்து, திரும்ப ஒருமுறை தடவிப் பார்த்தாள். பேட்டரியின் இணைப்பைக் கழற்றினாள். ஈரம் படக்கூடாத இடங்கள் என்று அவள் குறித்து வைத்திருந்தவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் பை போர்த்தி, தலைமுடி கட்டும் ரப்பர் வளையங்களால் இறுக்கினாள். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, கடைசியாகக் காற்று இழுக்கும் குழாய்.

"இது என்ன?" என்றாள் அம்மா.

"இதுதான் வண்டியோட மூக்கு. இது வழியாத்தான் மூச்சு விடும். இதுக்குள்ள மட்டும் தண்ணி போச்சுன்னா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது."

சொல்லிவிட்டு அவள் சோப்புக்கு வெந்நீர் எடுத்துவர மேலே போனாள். திரும்பி வந்தபோது அம்மா கையைத் துடைத்தபடி பானெட்டுக்குப் பக்கத்தில் காவல்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தாள். "நான் பாத்துக்கிட்டேன், போ. உன் வேலையப் பாரு."

அழுக்கு நீக்கியைத் தெளித்து ஊறவிட்டு, பிரஷ்ஷை எடுத்தாள். இது அவள் கைக்குப் பழகிய வேலை. மருத்துவமனையில் வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிய சின்னச் சின்ன பிரஷ்கள், பல்லிடுக்கில் விடுகிற கம்பி பிரஷ்கள், எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் சேர்த்துவைத்திருந்தாள். திருகு ஒவ்வொன்றையும் கடைவாய்ப்பல் என்று நினைத்துக்கொண்டாள். சுற்றிலும் தேய், இடுக்கில் விடு, துடை. கறுப்பு வழிந்து வாளிக்குள் இறங்கியது. கழுவுவதற்குத் தண்ணீரைக் கொட்டவில்லை. அம்மா இஸ்திரி போடும்போது துணிமேல் தெளிக்கிற பாட்டிலால் பனி மாதிரி பீய்ச்சி, தையல்கடையில் மிஞ்சிய வெட்டுத் துணிகளால் ஒற்றி எடுத்தாள். நீலத் துணி கறுப்பாயிற்று. சாம்பல் துணி கறுப்பாயிற்று. உள்ளேயிருந்து மெல்ல மெல்ல ஒரு வெள்ளி நிறம் எட்டிப்பார்த்தது.

அண்ணன் கையில் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றது அப்போதுதான்.

"செக்கிங், இன்ஜினுக்குப் பல் விளக்கி விடறியா? அடுத்து வாய் கொப்புளிக்கச் சொல்லு."

"கொப்புளிச்சாச்சு."

அவன் சிரித்தான். பிறகு கோப்பையைத் தூணோரம் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "சொன்னா கேளு. எதுக்கு வீணா உடம்பைப் போட்டு அலட்டிக்கறே? செகரட்டரிகிட்ட நானே பேசிட்டேன். பழைய வண்டி எடுக்கறவர் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இதை இழுத்துட்டுப் போகக் கொக்கி வண்டியோட வராரு."

சின்னவள் கையிலிருந்த பிரஷ் நின்றது. அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வண்டி அம்மா பேர்ல இருக்கு."

"கையெழுத்து அப்புறம் வாங்கிக்கலாம்னு சொல்லிட்டார்."

"அம்மாவுக்குச் சொன்னியா?"

"சொன்னா ஒத்துப்பாங்களா?" அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். "அம்மா, தினமும் எங்க ஆபீசுக்கு எத்தனை போட்டோ வருது தெரியுமா? எல்லாரும் நல்லா ஓட்டறவங்கதான். அன்னிக்கு அந்த இடத்துல தூண் நின்னுது. தூணுக்குப் பதிலா ஒரு குழந்தை நின்னிருந்தா?"

அம்மா வெட்டுத் துணி ஒன்றை எடுத்து நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அதுதான் சங்கடம். அம்மாவே அந்தக் கேள்வியை எத்தனையோ ராத்திரி தன்னைக் கேட்டிருப்பாள்.

"அப்போ கண்ணு தெரியல, இடிச்சாங்க" என்றாள் சின்னவள். "இப்போ கண்ணு தெரியுது. நீ இன்னும் அந்தத் தூண்லயே நிக்கறே."

"ஓடினாத்தானே பேச்சு. ஓடட்டும், பாக்கலாம்."

"போன வாரம் ஓடிச்சு."

அண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், பானெட்டைப் பார்த்தான். "சாவி?"

"சர்க்கரை டின்னுல" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவனிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

அவன் கோப்பையை மறந்துவிட்டு மேலே போனான்.

அதன்பிறகு சின்னவள் வெறி பிடித்தவள் மாதிரி வேலை செய்தாள். தான் கட்டிய பைகளை அவிழ்த்து மடித்துவைத்தாள். பேட்டரியை இணைத்தாள். ஈரம் உலரட்டும் என்று பானெட்டைத் திறந்தே விட்டாள். கூரையில் சோப்பு போட்டு வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றிக் கழுவியதில் தூசி கரைந்து, வெளிர்பச்சை வெளியே வந்தது. ஜன்னல் ரப்பர்களின் இடுக்கில் முளைத்திருந்த பாசியைப் பல்லிடுக்கு பிரஷ்ஷால் எடுத்தாள். பின்பக்க நெளிசலை மட்டும் என்ன தேய்த்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதையும் பளபளவென்று துடைத்து விட்டாள். மறைக்க ஒன்றுமில்லை என்கிற மாதிரி அது மின்னியது.

உள்ளே போனால் அங்கே வேறு ஒரு சண்டை காத்திருந்தது. இருக்கைகளில் கார் வாங்கிய நாளிலிருந்து கழற்றாத பிளாஸ்டிக்.

"இதையாவது கிழிச்சுப் போடறேம்மா. உள்ள சீட் புதுசா இருக்கும்."

"புதுசா இருக்கறதே அதனாலதான். கைய வெச்சே, நடக்கறதே வேற."

பால்கனி அக்கா மேலேயிருந்து, "விடும்மா, உங்கம்மா உன்னையே உறை போட்டுத்தான் வளர்த்திருப்பாங்க" என்றாள். அம்மா சிரித்துவிட்டாள். சின்னவளும் சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக்கை ஈரத்துணியால் துடைத்தாள். பிளாஸ்டிக் சங்கீதம் பாடியது.

ஐந்து மணிக்குக் கொக்கி வண்டி வாசலில் வந்து நின்றது. அதன் டிரைவர் இறங்கி, இடுப்பைப் பிடித்து நெளித்து, வெளிர்பச்சைக் காரைச் சுற்றிவந்தார். "இதுவா? இது பழைய வண்டி மாதிரி இல்லையே. யாருங்க இவ்வளவு துடைச்சது?"

"துடைச்சா ஓடற வண்டி ஆயிடுமா?" என்றார் செயலாளர். மருமகனும் கூடவே வந்திருந்தான். தூணுக்கும் சுவருக்கும் இடையிலான அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான். அண்ணனும் அண்ணியும் படியில் நின்றார்கள்.

"எனக்கு ஓடுதா ஓடலையா, அதை மட்டும் சொல்லுங்க. ஓடினா நான் கிளம்பறேன், வீட்ல ஆள் காத்திருக்காங்க" என்றார் கொக்கி வண்டிக்காரர்.

அம்மா முகம் கழுவி, நல்ல உடை உடுத்தி, செருப்பு மாற்றி வந்திருந்தாள். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் உயிர்த்தது. சின்னவளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் அது ஓர் இழுப்புத்தான். மூச்சு முட்டியதுபோல் இன்ஜின் திணறி, நின்றுவிட்டது. அம்மா மறுபடி திருப்பினாள். மறுபடியும் உயிர்த்தது, திணறியது, நின்றது. மூன்றாவது முறை திணறல்கூட இல்லை. பெட்ரோல் நெடி மட்டும் வந்தது.

"போதும்மா, பேட்டரியும் போயிடும்" என்றார் செயலாளர், வருத்தப்படுகிறவர் மாதிரி.

அண்ணன் இறங்கி வந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "ஓடிக்கிட்டிருந்ததை நீயே கழுவிக் கெடுத்துட்டே, செக்கிங். விடு. போகட்டும்."

கொக்கி வண்டிக்காரர் சங்கிலியை இறக்கினார். அது தரையில் விழுந்த சத்தம் சின்னவளின் முதுகுத்தண்டில் ஓடியது. தண்ணீர் எங்கேயோ போய்விட்டது. தன்னால்தான். போன வாரம் அழுக்கோடு ஓடிய வண்டி, இன்று பளபளவென்று செத்துக் கிடக்கிறது. அம்மாவை இனி வாழ்நாள் முழுக்கக் கேட்டருகே நிற்கவைக்கப்போவது தன்னுடைய சுத்தம்தான்.

ஆனால் எங்கே போயிற்று தண்ணீர்? பாட்டிலால் தெளித்ததுதானே. மருத்துவமனையில் ஒரு கருவி குறைந்தால் அழுவதற்கு நேரம் தரமாட்டார்கள். முதலிலிருந்து போ என்பார்கள். அவள் முதலிலிருந்து போனாள். மணிக்கட்டைப் பார்த்தாள். கட்டப் பயன்பட்ட ரப்பர் வளையங்கள் எல்லாம் அங்கே திரும்பி வந்திருந்தன. மடித்துவைத்த பைகளைப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அவள் போட்ட எதுவும் உள்ளே தங்கவில்லை. அப்படியானால்?

"ஒரு நிமிஷம்" என்றாள். சங்கிலி ஏந்திய கை நிற்கவில்லை. "ஒரு நிமிஷம்னு சொன்னேன். வண்டி எங்களுது. நாங்க சொல்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

கை நின்றது. அவள் கார் ஜன்னலருகே போனாள். அம்மா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சாவி அதன் துவாரத்தில் இருந்தது. சாவியின் தலையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே போகிற பாகத்துக்கு மட்டும் உறையில் சின்னதாக வெட்டி வழி விட்டிருந்தாள். நூலும் அப்படியே இருந்தது. காரை எடுக்கிற அவசரத்திலும் உறையைக் கழற்றவில்லை.

சின்னவள் அந்த உறையையே பார்த்தாள்.

"அம்மா. காலையில நான் வெந்நீர் எடுக்க மேல போனப்போ, நீ எதையாவது மூடினியா?"

"நான் எதுவும் தொடலையே." அம்மா யோசித்தாள். "அந்த மூக்குக்கு மட்டும். நீ கட்டினது ஒரே ஒரு பை, அதுவும் மெல்லிசு. தண்ணி போனா கதை முடிஞ்சுதுன்னியே. அதான் உள்ள இன்னொண்ணு செருகிட்டு, உன் பைய மேல இழுத்துக் கட்டிட்டேன்."

சின்னவள் ஓடினாள். காற்றுக் குழாயின் வாய்க்குள் இரண்டு விரல் விட்டாள். எட்டவில்லை. பல்லிடுக்கு பிரஷ்ஷின் கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி உள்ளே விட்டுத் துழாவினாள். ஏதோ மாட்டியது. மெல்ல இழுத்தாள். துணிக்கடைப் பை ஒன்று, உறிஞ்சப்பட்டு ஒட்டிச் சுருங்கிப்போய், அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. அதற்குள் இன்னொரு பை இருந்தது.

பால்கனி அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு கொக்கி வண்டிக்காரர். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் உதட்டைக் கடித்து முகத்தை வேறு பக்கம் திருப்பினான், ஆனால் தோள்கள் குலுங்கின.

"மூக்கை அடைச்சுட்டு ஓடு ஓடுன்னா எங்கேம்மா ஓடும்?" என்றாள் சின்னவள். அவள் குரல் உடைந்து, பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக வந்தது.

"திட்டறதை அப்புறம் திட்டு" என்றாள் அம்மா. "தள்ளி நில்லு."

சாவி திரும்பியது. இன்ஜின் ஒரு இருமல் இருமி, வயிறு நிறைய மூச்சிழுத்து, ஓடத் தொடங்கியது. இந்தத் தடவை நிற்கவில்லை. கழுவிய பாகங்களிலிருந்து மெல்லிய ஆவி எழுந்து போனது.

செயலாளர் விடவில்லை. ஜன்னலருகே குனிந்தார். "அதெல்லாம் சரிம்மா. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த ரிஸ்க்? அதான் பையன் கூட்டிட்டுப் போறாரே."

அம்மா கண்ணாடியை முழுக்க இறக்கினாள். "கூட்டிட்டுப் போறான் சார். தங்கமான புள்ள. ஆனா என் கடைக்கு நான் போறதுக்கு அவன் போன் பேசி முடிக்கணும். மூட்டையோட கேட்ல நிக்கறேன். போறவங்க வரவங்க எல்லாரும் என்னம்மா யாருக்காக நிக்கறீங்கன்னு கேக்கறாங்க. நீங்களே ரெண்டு தடவை கேட்டிருக்கீங்க." பிறகு படியைப் பார்த்தாள். "ஏண்டா, குழந்தை நின்னிருந்தான்னு கேட்டியே. சரியான கேள்வி. வந்து பின்னால உக்காரு. நான் எப்படி ஓட்டறேன்னு நீயே பாரு. தப்பா ஓட்டினா சாவிய நானே தரேன்."

அண்ணன் நின்றான். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவன் வந்து பின்கதவைத் திறந்து உட்கார்ந்தான். பிளாஸ்டிக் பெரிதாக முனகியது.

வெளிர்பச்சைக் கார் தூணைத் தாண்டி, கொக்கி வண்டியைத் தாண்டி, கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பியது. சின்னவள் ஏறவில்லை. கறுத்த துணிகளைப் பொறுக்கி வாளியில் போட்டாள். கொக்கி வண்டிக்காரர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, "நான் வரேன் சார், இங்க எனக்கு வேலை இல்ல" என்று கிளம்பினார். மருமகன் எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

கார் திரும்பி வந்தபோது செயலாளர் இன்னும் நின்றிருந்தார். போவது மரியாதையாக இருக்காது, நிற்பதும் மரியாதையாக இல்லை என்ற நிலையில். மீதி இருந்தது ஒரே ஒரு காரியம். பின்னால் எடுத்துத் தூணோரம் நிறுத்த வேண்டும்.

அம்மா மெதுவாக எடுத்தாள். பாதி வந்ததும் நிறுத்திவிட்டு இறங்கினாள். தூணைப் பார்த்தாள். பழைய கீறலைப் பார்த்தாள். அதற்கும் காருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தாள். மறுபடி ஏறினாள். இன்னும் கொஞ்சம் எடுத்து, மறுபடி இறங்கிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்பது மாதிரி இருந்தது. சின்னவளுக்கு அந்தப் பார்வை எங்கேயோ பழக்கமானதாகத் தோன்றியது. பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கிற பார்வை. வீட்டில் எல்லோரும் சிரிக்கிற இந்தக் குணம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை.

கார் நின்றது. தூணில் படவில்லை.

அண்ணன் இறங்கி, காரின் பின்பக்கம் போய் நின்று, நெளிசலை ஒருமுறை தடவினான். பிறகு பழக்க தோஷத்தில், சாவிக்காகக் கையை நீட்டினான்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டாள். பையை மூடாமல் அவன் பக்கம் நீட்டினாள்.

"உன்கிட்ட இருக்கறதையும் போடு."

"அம்மா, ஒண்ணு என்கிட்ட இருந்தா அவசரத்துக்கு..."

"போடு."

அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டான். உறை இல்லாத அந்தச் சாவியை அம்மா எடுத்து, முந்தானையால் துடைத்து, குழாய்க்குள்ளிருந்து வந்த துணிக்கடைப் பையைச் சின்னவளிடமிருந்து வாங்கி, அதில் சுற்றி உள்ளே வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில நான் கடைக்குக் கிளம்பறேன்" என்றாள், படியேறிக்கொண்டே. "யாருக்காவது வழியில இறங்கணும்னா முன்னாடியே வந்து கேட்ல நில்லுங்க."